நில அளவுப் பாடம்: பழைய பத்திரத்தின் ஏக்கர் – ரூட் – போல் கணக்கை ஹெக்டராக மாற்றுவது எப்படி?



நம்மவர்களுக்குக் கணக்குப் புதிதல்ல. காட்டி, தகில், பிக்குல் என்று நிறுத்து விற்ற நம் முன்னோர், 1972ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் வந்தபின் கிலோ கிராமுக்குக் கடையை மாற்றிக்கொண்டார்கள். ஜவுளிக் கடையில் கெசக்கோல் போய் மீட்டர்க்கோல் வந்தது. ஒரு காட்டி 604.8 கிராம் என்பதும், ஒரு கெசம் 0.9144 மீட்டர் என்பதும் பழைய கடைக்காரர்களுக்கு மனப்பாடம். ஆனால் பெட்டியின் அடியில் வாப்பா வைத்துச் சென்ற நிலப் பத்திரத்தை எடுத்து, “இதில் எத்தனை ஹெக்டர்?” என்று கேட்டால் நம்மில் பலர் தயங்குகிறோம். தயங்குவதால் நஷ்டமில்லை. தயங்காமல் தப்பாகப் படிப்பதில்தான் நஷ்டம். அதை முன்னிட்டே இந்தப் பாடத்தை எழுதுகிறோம்.

ஒரு குடும்பத்தில் நடந்தது

பேராக்கில் நாமறிந்த ஒரு குடும்பம். ஊரும் பேரும் வேண்டாம். மர்ஹூம் ஆகிவிட்ட பெரியவர் ஈப்போவில் கடை வைத்திருந்தவர். தோட்டத் துண்டாடல் காலத்தில் பழைய ரப்பர் காட்டில் ஒரு துண்டு வாங்கிப் போட்டிருந்தார். அவருக்குப் பின் மனைவியும், இரண்டு மகன்களும், ஒரு மகளும் வாரிசுகள். பத்திரத்தில் பரப்பளவுக் கட்டத்தில் 7 – 1 – 24 என்று இருந்தது. சொத்துப் பட்டியல் எழுதியவர் அதை 7.124 ஏக்கர் என்று எழுதிவிட்டார். அண்ணன்மார் நிலத்தை வைத்துக்கொண்டு, ஏக்கர் நாற்பதாயிரம் வெள்ளி என மதித்து, தாய்க்கும் தங்கைக்கும் உரிய பங்கைப் பணமாகக் கொடுத்தார்கள்.

சில ஆண்டுகள் கழித்துக் கணினியில் அச்சான புதிய பத்திரம் வந்தது. அதில் 2.9947 ஹெக்டர். தங்கையின் கணவர் அதைக் கணக்குப் பார்த்தார், 7.40 ஏக்கர் வந்தது. “கால் ஏக்கருக்கு மேல் மறைத்துவிட்டார்கள்” என்றார். இரண்டு நோன்புப் பெருநாள் அந்த வீட்டார் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கவில்லை. உண்மையில் எவரும் எதையும் மறைக்கவில்லை. ஒரு கோட்டைப் புள்ளியாகப் படித்ததுதான் குற்றம். அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறோம்.

மூன்று கட்டங்கள்

பழைய பத்திரங்களிலே பரப்பளவு மூன்று பகுதியாக எழுதப்பட்டிருக்கும். முதலாவது ஏக்கர், இரண்டாவது ரூட், மூன்றாவது போல். இலங்கையில் நம் சகோதரர்கள் இதே மூன்றாவது அளவைப் பேர்ச் என்பார்கள். இவை தசமக் கணக்கல்ல. பழைய இங்கிலீஷ் பணத்தில் பவுன், ஷில்லிங், பென்ஸ் எப்படித் தனித்தனிக் கட்டமோ அப்படியே இவையும்.

வாய்ப்பாடு இதுதான்:

1 போல் = 30¼ சதுர கெசம் = 272¼ சதுர அடி = 25.293 சதுர மீட்டர்
40 போல் = 1 ரூட் = 10,890 சதுர அடி = 1,011.71 சதுர மீட்டர்
4 ரூட் = 160 போல் = 1 ஏக்கர்
1 ஏக்கர் = 4,840 சதுர கெசம் = 43,560 சதுர அடி = 4,046.86 சதுர மீட்டர்
1 ஏக்கர் = 0.404686 ஹெக்டர்
1 ஹெக்டர் = 10,000 சதுர மீட்டர் = 2.47105 ஏக்கர்

ஆகவே நடுக்கட்டத்தில் 0, 1, 2, 3 என்ற நான்கு எண்களுக்கு மேல் வராது. 4 வந்தால் அது ஒரு ஏக்கராகிவிடும். கடைசிக் கட்டத்தில் 40 வந்தால் அது ஒரு ரூட்டாகிவிடும். பட்டியலை எவர் எழுதிக் கொடுத்தாலும் முதலில் இதைப் பாருங்கள். நடுக்கட்டத்தில் 7 என்றோ, கடைசியில் 65 என்றோ இருந்தால் நகல் எடுத்தவர் பிழை செய்திருக்கிறார் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

மாற்றும் முறை

முதற்படி: எல்லாவற்றையும் போலாக்குக. ஏக்கரை 160ஆல் பெருக்கி, ரூட்டை 40ஆல் பெருக்கி, மீதிப் போலைக் கூட்டுக.

7 – 1 – 24 என்பதற்கு:
7 × 160 = 1,120
1 × 40 = 40
மீதி 24
ஆக 1,184 போல்.

இரண்டாம் படி: அதை 160ஆல் வகுத்தால் தசம ஏக்கர். 1,184 ÷ 160 = 7.40 ஏக்கர்.

மூன்றாம் படி: அதை 0.404686ஆல் பெருக்கினால் ஹெக்டர். 7.40 × 0.404686 = 2.9947 ஹெக்டர், அதாவது ஏறக்குறைய 29,947 சதுர மீட்டர்.

கையில் கணக்குப் பொறி இல்லாவிட்டால் மனக்கணக்காக ஒரு வழி உண்டு. ஏக்கரை 4ஆல் பெருக்கிப் பத்தில் ஒன்றாக்குங்கள். வந்ததோடு நூற்றுக்கு 1.17 வீதம் சேருங்கள். 7.40க்கு 2.96, அதில் நூற்றுக்கு 1.17 என்றால் 0.0346, கூட்டினால் 2.9946. சந்தையில் பேரம் பேசும் நேரத்துக்கு இது போதும். பத்திரத்தில் கையொப்பமிடும் நேரத்துக்கு முழுக் கணக்கே போட வேண்டும்.

இப்போது அந்தக் குடும்பத்தின் தவறு எவ்வளவு என்று பார்ப்போம். 7.40க்குப் பதில் 7.124 என்றதால் குறைந்தது 0.276 ஏக்கர், அதாவது 12,022 சதுர அடி. இருபது அடிக்கு எழுபது அடி மனை ஒன்று 1,400 சதுர அடி. எட்டு மனைக்கு மேல் ஒரு கோட்டிலே போய்விட்டது!

பாகப்பிரிவினையில் இதன் விளைவு

கடனும் வஸிய்யத்தும் தீர்ந்தபின் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதியில் மகனுக்கு இரண்டு பங்கும் மகளுக்கு ஒரு பங்குமாக ஐந்து பங்கு. இப்படிப் பிரிக்கும்போது போல் கணக்கு நமக்குப் பெரிய உதவி செய்கிறது, தசமம் குறைகிறது.

மனைவி: 1,184இல் எட்டில் ஒன்று = 148 போல் (3,743 சதுர மீட்டர்)
மீதி 1,036 போல். ஐந்தில் ஒன்று 207.2
மகள்: 207.2 போல் (5,241 சதுர மீட்டர்)
மகன் ஒவ்வொருவருக்கும்: 414.4 போல் (10,481 சதுர மீட்டர்)

கூட்டிப் பாருங்கள்: 148 + 207.2 + 414.4 + 414.4 = 1,184. கூட்டிச் சரிபார்க்காத பங்கீடு பங்கீடல்ல.

விட்டுப்போன 0.276 ஏக்கருக்கு மதிப்பு 11,040 வெள்ளி. அதில் தாயின் ஹக்கு 1,380 வெள்ளி. தங்கையின் ஹக்கு 1,932 வெள்ளி. கணக்கைத் தாளில் எழுதிக் காட்டியதும் அண்ணன்மார் அந்தத் தொகையைக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாயிரம் வெள்ளிக்கும் குறைந்த தொகைக்காக இரண்டு ஆண்டு பேச்சில்லாமல் போயிற்றே என்று அந்த அம்மையார் அழுததை நாம் மறக்கவில்லை. அளவில் குறை வைப்பதைக் கண்டிக்க ஒரு தனி அத்தியாயமே அருளப்பட்டிருக்கிறது என்பதை வியாபாரிகளாகிய நாம் அறிவோம். தராசில் மட்டுமல்ல, தாளிலும் அளவு உண்டு. தெரியாமல் செய்த பிழையும் திருத்தப்படும் வரை ஒருவர் ஹக்கு இன்னொருவர் கையில்தான் இருக்கிறது.

சட்டம் சொல்லும் எண்கள்

பேராக் உள்ளிட்ட பழைய ஐக்கிய மலாய் மாநிலங்களில் 1926ஆம் ஆண்டின் நிலச் சட்டக் கோவை நடப்பில் இருந்தது. பிறகு 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டக் கோவை, 1966 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலே முதலில் ஏக்கரில் எழுதப்பட்டிருந்த எல்லைகள் பிறகு மெட்ரிக் அளவுக்கு மாற்றப்பட்டன. மாற்றியபோது முழு எண்ணாக இருக்கட்டும் என்று சுருக்கினார்கள். பத்து ஏக்கர் என்றது நான்கு ஹெக்டர் ஆயிற்று. நூறு ஏக்கர் என்றது நாற்பது ஹெக்டர். ஒரு ஏக்கர் என்றது ஐந்தில் இரண்டு ஹெக்டர், அதாவது 4,000 சதுர மீட்டர்.

இவை நெருங்கிய எண்கள், சரியான எண்களல்ல. உண்மையில் பத்து ஏக்கர் 4.0469 ஹெக்டர், சட்டத்தின் எண்ணைவிட 5,000 சதுர அடிக்கு மேல் அதிகம். ஆகையால் “பத்து ஏக்கர் என்றால் நாலு ஹெக்டர்தானே” என்று சொல்லி எவராவது நிலம் கேட்டால் இணங்க வேண்டாம். சட்டம் வகுத்த எல்லை வேறு, உங்கள் நிலத்தின் அளவு வேறு.

இந்த எண்களில் நம்மைப் பெரிதும் தொடுவது கடைசியாகச் சொன்னதுதான். விவசாய நிலத்தைத் துண்டு போட்டுத் தனிப் பத்திரம் கேட்டால், பொதுவாக ஒவ்வொரு துண்டும் ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். மேலே சொன்ன குடும்பத்தில் தாயின் பங்கு 3,743 சதுர மீட்டர். 4,000க்கு 257 குறைவு. ஆகவே அந்த அம்மையாருக்குப் பங்கு உண்டு. தனித் துண்டு வெட்டிக் கொடுப்பது மட்டும் எளிதல்ல. பிரிபடாத பங்காக ஒரே பத்திரத்தில் எல்லார் பெயரும் ஏறலாம். அல்லது ஒருவர் நிலத்தை எடுத்து மற்றவருக்குப் பணம் கொடுக்கலாம். அந்தக் குடும்பம் இரண்டாவது வழியில் போனது இதனால்தான். பங்கு பேச உட்காருமுன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டால், “எனக்குச் சாலையோரத் துண்டு வேண்டும்” என்ற வாதம் பாதி அடங்கும். முடிவான வழியை நில அலுவலகத்திலும் வழக்கறிஞரிடமும் கேட்டுச் செய்க. 1955ஆம் ஆண்டின் சிறு சொத்துகள் பங்கீட்டுச் சட்டப்படி சிறிய சொத்துகளுக்கு நில அலுவலகத்திலேயே விசாரணை நடக்கும்.

துண்டாடலும் நம் பத்திரங்களும்

நம் கையில் இத்தனை சிறு துண்டுகள் எப்படி வந்தன என்பதையும் சற்று நினைவுகூர வேண்டும். கோலாக் கங்சாரில் 1877 வாக்கில் நட்ட ரப்பர்க் கன்றுகளுக்குப் பின், பேராக் முழுதும் ரப்பர் பரவியது. 1950க்குப் பின் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுச் சென்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜீஸ் விரிவாக ஆராய்ந்து அறிக்கை எழுதினார். தோட்டம் துண்டானபோது லயத்தில் இருந்த தொழிலாளிக்கு வேலையும் போயிற்று; வீடும் போயிற்று. அதைத் தடுக்கவே சுங்கை சிப்பூட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கச் செய்தார். இன்று நாற்பது ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தை விற்பதற்குத் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும்.

ஒரு பெரிய தோட்டம் இருபது, முப்பது துண்டானால் இருபது, முப்பது பத்திரம். ஒவ்வொன்றிலும் ரூட்டும் போலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இன்று அந்த நிலங்களில் பலவற்றில் செம்பனை நிற்கிறது. ஈப்போவைச் சுற்றிப் பலவற்றில் வீடுகள் நிற்கின்றன. மரம் மாறினாலும் பழைய அளவு மாறவில்லை. விற்கும் நாளில் அதுதான் பேசும்.

வரைபடத்தில் சங்கிலி

பழைய அளவை வரைபடங்களில் நீளம் அடியில் இராது. சங்கிலியிலும் லிங்கிலும் இருக்கும். ஒரு சங்கிலி 100 லிங்கு; 66 அடி; 20.1168 மீட்டர். பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். உதாரணமாக, 5 சங்கிலி அகலமும் 8 சங்கிலி நீளமும் உள்ள சதுரக்கட்டு நிலம் 40 சதுரச் சங்கிலி, ஆக 4 ஏக்கர், 1.6187 ஹெக்டர். வரைபடத்தில் 500 என்றும் 800 என்றும் இருந்தால் அது லிங்கு. அடி என்று எண்ணி 500ஐ 800ஆல் பெருக்கினால் ஒன்பது ஏக்கருக்கு மேல் வரும், வாங்குபவர் ஏமாறுவார்.

அக்கம்பக்கத்து அளவுகளும் ஊர் அளவுகளும்

வடக்கே கெடா பக்கம் நெல் நிலம் வாங்குவோர் ரெலோங் என்ற சொல்லைக் கேட்பார்கள். கெடா ரெலோங் 30,976 சதுர அடி, 0.711 ஏக்கர், 0.2878 ஹெக்டர். பழைய பினாங்கு ஓர்லோங்கோ 80 கெசத்துக்கு 80 கெசம், 57,600 சதுர அடி, 1.3223 ஏக்கர். பெயர் ஒன்றுபோல் ஒலிக்கும். அளவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எந்த ஊர் ரெலோங் என்று கேட்காமல் விலை பேசலாகாது.

ஊரில் நிலம் உள்ளவர்களுக்கும் சில வரிகள். ஒரு செண்டு ஏக்கரில் நூற்றில் ஒன்று: 435.6 சதுர அடி, 40.47 சதுர மீட்டர். தஞ்சைப் பக்கம் 144 சதுர அடி கொண்ட குழி வழக்கில் 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. அந்தக் கணக்கில் மா என்பது 14,400 சதுர அடி, வேலி என்பது 6.61 ஏக்கர், அதாவது 2.6756 ஹெக்டர். “மூன்று மா ஓர் ஏக்கர்” என்பது பேச்சு வழக்கு. சரியாகப் பார்த்தால் முக்கால் செண்டுக்குச் சற்று மேல் குறையும். சென்னைப் பக்கத்துக் காணி 24 மனை; மனை 2,400 சதுர அடி; ஆக 57,600 சதுர அடி. மேலே சொன்ன பினாங்கு ஓர்லோங்கும் இதே 57,600 என்பதைக் கவனித்தீர்களா! கடல் கடந்தும் அளவு ஒன்றாகவே வந்து நிற்கிறது. குழியின் அளவு ஊருக்கு ஊர் மாறும் ஆதலால், ஊர்ப் பத்திரத்தில் குழி என்று மட்டும் இருந்தால் எந்தக் கோல் என்று விசாரிக்கவும். இப்போதைய பட்டாவில் ஹெக்டரும் ஏரும் இருக்கும். ஓர் ஏர் 100 சதுர மீட்டர், 2.471 செண்டு. 0.40.50 என்று கண்டால் நாற்பதரை ஏர். ஏறக்குறைய ஓர் ஏக்கர். இங்கேயும் புள்ளிகளைக் கட்டமாகவே படிக்க வேண்டும்.

கையொப்பமிடுமுன் கவனிக்க வேண்டியவை

ஒன்று: பத்திரத்தில் ‘லுவாஸ்’ என்ற இடத்தில் உள்ளதை அப்படியே நகல் எடுங்கள். ஏக்கர், ரூட், போல் என்று எழுத்தாலும் எழுதுங்கள். கோடும் புள்ளியும் வழக்கு மூட்டும், எழுத்து மூட்டாது.

இரண்டு: புதிய பத்திரத்தில் ‘மீட்டர் பெர்செகி’ என்று இருந்தால் சதுர மீட்டர், ‘ஹெக்டார்’ என்று இருந்தால் அதைப் பத்தாயிரத்தால் பெருக்கினால்தான் சதுர மீட்டர். சதுர மீட்டரைச் சதுர அடியாக்க 10.764ஆல் பெருக்குக. நாம் சொன்ன 1,400 சதுர அடி மனை பத்திரத்தில் 130 சதுர மீட்டர் என்று வரும்.

மூன்று: தற்காலிகப் பத்திரமாக இருந்தால் அதிலுள்ள பரப்பளவும் தற்காலிகமே. முடிவான அளவை நடந்தபின் கூடலாம், குறையலாம். விலையை மொத்தமாகப் பேசாமல், அளவு மாறினால் விலையும் மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு: கணக்கை நடுவில் சுருக்காதீர்கள். பங்கு பிரித்து முடித்தபின் கடைசியில் மட்டும் சுருக்குங்கள். 0.404686ஐ 0.4 என்று எடுத்தால் 7.40 ஏக்கரிலே 347 சதுர மீட்டர் காணாமற் போகும்.

பயிற்சி

பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு இவற்றைப் போட்டுப் பாருங்கள்.

(1) 3 – 2 – 20
(2) 0 – 3 – 8
(3) 12 – 0 – 36
(4) 2.5 ஹெக்டரை ஏக்கர், ரூட், போலாக்குக.

விடைகள்: (1) 580 போல், 3.625 ஏக்கர், 1.4670 ஹெக்டர். (2) 128 போல்; 0.80 ஏக்கர், 0.3237 ஹெக்டர். இது ஐந்தில் இரண்டு ஹெக்டருக்குக் குறைவு என்பதையும் கவனிக்க. (3) 1,956 போல், 12.225 ஏக்கர், 4.9473 ஹெக்டர். இதை 12.036 என்று எழுதியவர்கள் பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்கவும். (4) 6.1776 ஏக்கர், அதாவது 6 ஏக்கர், 0 ரூட், 28.4 போல்.

இந்த வாரம் ஒரு நாள் கடையை அடைத்தபின், பெட்டியைத் திறந்து பழைய பத்திரத்தை எடுங்கள். மேலே சொன்னபடி கணக்கைப் போட்டு, ஒரு தாளில் எழுதி, தேதியிட்டு, பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். மனைவி மக்களிடமும் காட்டுங்கள். நாம் இருக்கும்போது கால் மணி நேரத்தில் முடியும் வேலை அது. நமக்குப் பின் அதே வேலை அண்ணன் தங்கையைப் பிரித்துவிடும். நிலத்தை விட்டுச் செல்பவர் அதன் அளவையும் தெளிவாக விட்டுச் செல்ல வேண்டும்.

வஸ்ஸலாம்.